எலும்புப்புரைக்கு இயற்கை மருந்து: யாருக்கு எது பொருந்தும்?

எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நிலையான எலும்புப்புரை (ஆஸ்டியோபொரோசிஸ்) என்று தெரிய வந்ததும் பலர் மனதில் எழும் கேள்வி, மாத்திரை ஊசி இல்லாமல் இயற்கை மருந்தாலேயே இதைச் சமாளிக்க முடியுமா என்பதுதான். விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சோயா, பிரண்டை, மஞ்சள், அஸ்வகந்தா, வைட்டமின் கே2, உலர்ந்த பிளம் என்று பட்டியல் நீளும். இவற்றில் சிலவற்றுக்கு உண்மையிலேயே நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. சிலவற்றைப் பொருந்தாத ஆள் எடுத்துக்கொண்டால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். நோயின் பெயரை மட்டும் வைத்து மருந்து தேடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். மருந்தை எடுக்கப் போகும் ஆளின் வயது, உடம்பில் இருக்கும் மற்ற நோய்கள், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், எலும்பு மெலிந்ததற்கான காரணம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

எலும்பு உயிருள்ள திசு. அதற்குள் ஓயாமல் மராமத்து நடந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் அந்தக் குழியில் புது எலும்பை நிரப்புகின்றன. சுமார் பத்து ஆண்டுகளில் மொத்த எலும்புக்கூடும் இப்படிப் புதுப்பிக்கப்பட்டுவிடும். ஏறத்தாழ முப்பது வயது வரை நிரப்பும் வேலை முன்னால் நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பின் கை ஓங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால், அடுத்த சில ஆண்டுகள் இந்த இழப்பு மிக வேகமாக நடக்கும்.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்னும் எக்ஸ்ரே ஸ்கேன் எடுப்பார்கள். அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டால் உங்கள் எலும்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அது காட்டும். 1994ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறைப்படி மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்தி குறையத் தொடங்கிய நிலை. மூட்டுத் தேய்மானம் என்பது முற்றிலும் வேறு. அது குருத்தெலும்பைப் பாதிப்பது. முழங்கால் வலிக்கென்று விற்கப்படும் குளுக்கோசமைன் போன்றவை எலும்பு அடர்த்திக்கு உதவும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வலி வேறு, அடர்த்தி வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு மெலிவதால் வலி வராது. எவ்வளவு மெலிந்தாலும் அது உடையும் வரை உடம்புக்குத் தெரியாது. எலும்புப்புரையின் அறிகுறிகள் என்று நாம் சொல்லும் முதுகுவலி, கூன், உயரம் குறைவது எல்லாமே பெரும்பாலும் முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கி உடைந்ததன் விளைவுகள். குனிந்து ஒரு வாளியைத் தூக்கினால்கூட, ஏன், பலமாக இருமினால்கூட அப்படி உடையலாம்.

அதனால் ஒரு மூலிகை எண்ணெயோ கஷாயமோ முதுகுவலியைக் குறைத்தால் அது வலியைக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். எலும்பு பலமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. நசுங்கிய முதுகெலும்பின் கடுமையான வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானாகவே தணியும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் போய்ச் சேரும். "எனக்கு இரண்டே மாதத்தில் குணமாச்சு" என்று மனப்பூர்வமாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய எலும்பு அடுத்த முறை உடையாது என்பதற்கு அது சாட்சியாகாது.

எனவே முதல் கேள்வி, எதை மாற்றுவதற்காக இந்த மருந்து? வலிக்காகவா, அடர்த்திக்காகவா? வலிக்கு என்றால் பலன் இருக்கிறதா என்று சில வாரங்களில் நீங்களே உணர முடியும். அடர்த்திக்கு என்றால் உணர்வை நம்ப முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

எலும்பு ஏன் மெலிந்தது

மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆன 52 வயதுப் பெண் ஒருவர். ஆஸ்துமாவுக்காகப் பல மாதங்கள் பிரட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட 60 வயது ஆண் ஒருவர். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் சீலியாக் நோயால் குடல் சேதமான 35 வயதுக்காரர் ஒருவர். மூன்று பேருக்கும் டெக்ஸா ஸ்கேனில் ஒரே எண் வரலாம். ஆனால் முதலாமவருக்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவு. இரண்டாமவருக்கு, எலும்பைக் கட்டும் செல்களையே ஸ்டீராய்டு முடக்கிவைத்திருக்கிறது. மூன்றாமவர் எவ்வளவு கால்சியம் விழுங்கினாலும் குடல் அதை உள்ளே விடாது. குளூட்டனை நிறுத்தாமல் அவருக்கு எந்த மூலிகை கொடுத்தும் பிரயோஜனமில்லை.

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது, பாராதைராய்டு சுரப்பியில் கட்டி, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, முடக்குவாதம், சில புற்றுநோய் மருந்துகள், ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் அமிலக் குறைப்பு மாத்திரைகள், புகை, அதிகக் குடி என்று காரணங்கள் இன்னும் உண்டு. ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, வைட்டமின் டி போன்ற சாதாரணப் பரிசோதனைகளிலேயே இவற்றில் பல தெரிந்துவிடும். இயற்கை மருந்துதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களும் இந்தப் பரிசோதனைகளைத் தவிர்க்கக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து, மூலிகையாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும், குருட்டு வைத்தியம்தான்.

சோயா: ஒருவருக்குக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது

ஆளுக்கு ஆள் மருந்து ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள சோயாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்னும் பொருள்கள் இருக்கின்றன. இவற்றின் அமைப்பு ஓரளவு ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளில் இவையும் பலவீனமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மாதவிடாய் நின்ற பின் வரும் எலும்பு இழப்பை இவை தடுக்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள்.

முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. 2007ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், அடர்த்தி குறைந்த பெண்கள் தினமும் 54 மி.கி. ஜெனிஸ்டீன் என்னும் ஐசோஃபிளேவோனை இரண்டு ஆண்டுகள் எடுத்தபோது முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடர்த்தி கூடியது. 2011ல் வந்த அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்று ஐந்தாண்டுக்குள் இருந்த பெண்கள் 200 மி.கி. சோயா ஐசோஃபிளேவோனை இரண்டு ஆண்டுகள் எடுத்தும் எலும்பு இழப்பு நிற்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? எடுத்துக்கொண்ட பொருளும் ஒன்றல்ல, ஆட்களும் ஒன்றல்ல. அதோடு குடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோயாவில் உள்ள டைட்சீன் என்னும் பொருளைச் சிலருடைய குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்னும் வீரியமான பொருளாக மாற்றிக்கொடுக்கும். எல்லோருடைய குடலிலும் அந்த பாக்டீரியாக்கள் இருப்பதில்லை. மேற்கத்திய நாடுகளில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஈக்வால் உருவாக்குபவர்கள். கிழக்காசியாவில் பாதிப் பேர் அல்லது அதற்கு மேல். ஒரே மாத்திரையை விழுங்கும் இரண்டு பெண்களுடைய ரத்தத்தில் இரண்டு வேறு மருந்துகள் ஓடலாம் என்றால் பாருங்கள். சிறுநீரில் ஈக்வாலை அளந்து நாம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளவும் முடியும்.

ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகை மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சோயா, சிவப்பு குளோவர் என்னும் மூலிகை போன்றவற்றின் செறிவூட்டிய மாத்திரைகளைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உணவில் வரும் சோயா வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. இப்ரிஃபிளேவோன் என்று இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செயற்கைச் சேர்மமும் எலும்புக்கென்று விற்பனையில் இருக்கிறது. 2001ல் வெளியான பெரிய ஆய்வில் அது எலும்பிழப்பைத் தடுக்கவில்லை, எடுத்தவர்களில் சிலருக்கு ரத்தத்தில் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களும் குறைந்தன. அதை எடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மற்றவை

உலர்ந்த பிளம் பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் 2022ல் வெளியான ஓராண்டு ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களில் தினமும் 50 கிராம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறையாமல் நின்றது. முதுகெலும்பில் அப்படிப் பலன் தெரியவில்லை. மலச்சிக்கல் உள்ளவருக்கு இது இரட்டை லாபம். வயிறு எளிதில் கலங்குபவருக்குத் தொந்தரவு. சர்க்கரை நோயாளிகள் அதன் மாவுச்சத்தையும் இனிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வைட்டமின் கே2வின் ஒரு வகையை ஜப்பானில் 1990களிலிருந்தே தினமும் 45 மி.கி. என்ற அளவில் எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். சாதாரண சத்து மாத்திரைகளில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு எந்த வைட்டமின் கேவும் ஆபத்து. அந்த மருந்தின் வேலையையே அது கெடுத்துவிடும்.

பிரண்டையைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். உடைந்த எலும்பு சேர அதைப் பாரம்பரிய வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். விலங்குகளிலும் ஆய்வுக்கூடச் செல்களிலும் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் எலும்புப்புரை உள்ள மனிதர்களிடம், எலும்பு முறிவு குறைகிறதா என்று பார்த்த பெரிய ஆய்வு எதையும் வைத்து இதைப் பரிந்துரைக்க இன்று வழியில்லை. அதில் ஆக்சலேட் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது.

அஸ்வகந்தா, அதாவது அமுக்கரா, தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. தைராக்சின் மாத்திரை சாப்பிடும் ஒருவர் அதையும் சேர்த்துக்கொண்டால் ஹார்மோன் அளவு மீறலாம். தைராய்டு மீறினால் எலும்பு கரையும். எலும்புக்காக ஆரம்பித்தது எலும்பையே தின்றுவிடும். அதிமதுரம் நீண்ட நாள் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறி பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் மோசம். மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் டியோடு வைட்டமின் ஏயும் இருக்கிறது. அதில் உள்ள ரெட்டினால் வடிவம் தொடர்ந்து அளவு மீறினால் எலும்பைப் பலவீனமாக்கும்.

ஸ்ட்ரான்சியம் சிட்ரேட் இயற்கைத் தாது என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைவிடக் கனமான தனிமம். அது எலும்பில் படிந்தால் டெக்ஸா ஸ்கேனில் அடர்த்தி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அறிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம், எலும்பு அந்த அளவுக்கு முன்னேறியிருக்காது. இதன் உறவான ஸ்ட்ரான்சியம் ரானிலேட் என்னும் மருந்தை இதய ஆபத்து காரணமாக 2014ல் ஐரோப்பாவில் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள்.

கால்சியமும் வைட்டமின் டியும்கூட ஆளைப் பொறுத்ததே

ஐம்பது தாண்டிய பெண்களுக்கு நாளுக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இது உணவில் வருவதையும் சேர்த்த கணக்கு. பலர் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள். உணவிலேயே 800 மி.கி. வருகிறவர் அதற்கு மேல் 1,200 மி.கி. மாத்திரையும் போடத் தேவையில்லை. 36,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்று 2006ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு இடுப்பு அடர்த்தி சற்றுக் கூடியது. சிறுநீரகக் கல்லும் கூடவே கூடியது.

மாத்திரை வேண்டும் என்றால் எந்த வகை? கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வயதால் அமிலம் குறைந்தவர்களுக்கும் கால்சியம் சிட்ரேட் பொருத்தம். எந்த வகையானாலும் ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் சரியாக உட்கிரகிக்கப்படாது.

வைட்டமின் டி குறைவாக இருப்பவருக்கு அது அவசியம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள். ஏற்கெனவே போதிய அளவு உள்ளவர் கூடுதலாக எடுத்தால் கூடுதல் பலன் என்று நினைத்தால் அது தவறு. 2022ல் வெளியான, ஏறத்தாழ 26,000 பேர் பங்கேற்ற ஆய்வில், பொதுவாக ஆரோக்கியமாக இருந்தவர்கள் தினமும் 2,000 யூனிட் எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. 2010ல் வந்த இன்னொரு ஆய்வில், வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்தபோது கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அதிகரித்தன.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள்

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எலும்பு ஏற்கெனவே உடைந்தவருக்கும், டி-ஸ்கோர் மிகவும் இறங்கியவருக்கும் இயற்கை மருந்து மட்டும் போதாது. அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் புதிய முதுகெலும்பு முறிவுகளை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கின்றன. முறிவை அந்த அளவுக்குக் குறைக்கும் என்று நிரூபணமான மூலிகை இன்று இல்லை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு எடுக்க வேண்டும். கஷாயமோ கால்சியமோ கூடவே போனால் மருந்து உடம்பில் சேராது, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் மற்றவை. தைராக்சின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

டெனோசுமாப் என்னும் ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடப்படுவது. "ஊசி போதும், இனி மூலிகைக்கு மாறிக்கொள்கிறேன்" என்று இதை நிறுத்தினால் எலும்பு மளமளவென்று இழக்கப்பட்டு, ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் நசுங்கும் ஆபத்து உண்டு. தயவுசெய்து இதை மட்டும் தானாக நிறுத்த வேண்டாம். நிறுத்துவதானால் வேறு மருந்தைத் தொடர்ந்து கொடுக்கும் திட்டத்தோடு மருத்துவர்தான் நிறுத்த வேண்டும்.

மூன்றே நாளில் வலி பறந்தால்

வலிக்கென்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளில் ரகசியமாக ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2022ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மூட்டுவலிக்கான சத்து மாத்திரைகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்தும் லேபிளில் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதாக எச்சரித்தது. ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும் மருந்துகளில் முதல் வரிசையில் நிற்பது. வலி போய்விட்டதே என்று நம்பி மாதக்கணக்கில் சாப்பிடுபவரின் எலும்பு உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கும். ஆகவே எந்தப் பொடியாவது ஓரிரு நாளில் வலியை அடியோடு போக்கி, பசியைக் கூட்டி, முகத்தை உப்பவைத்தால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் வந்தாலும் அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் அந்தப் பொட்டலத்தோடு போங்கள்.

உலோகக் கலப்பும் கவலைக்குரியது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. உடம்புக்குள் போகும் ஈயம் பெரும்பாலும் எலும்பில்தான் போய்ச் சேர்கிறது. எலும்பு கரையும்போது அது மறுபடி ரத்தத்துக்கு வரும். எலும்புப்புரை உள்ளவர் மற்றவர்களைவிட இதில் கவனமாக இருக்க வேண்டியது அதனால்தான். தயாரிப்பு எண், காலாவதித் தேதி, பரிசோதனைச் சான்று இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

உங்களுக்குப் பலன் தருகிறதா என்று பார்ப்பது

சரி, மருத்துவரிடம் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றைச் சேர்த்து ஆரம்பித்தால் பலன் வந்தாலும் ஒவ்வாமை வந்தாலும் எதனால் என்று தெரியாது. வலிக்காக எடுப்பதானால் தொடங்குவதற்கு முன்பே இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில், 0 முதல் 10 வரை வலிக்கு மதிப்பெண் போட்டுக் குறித்துவையுங்கள். எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு மருந்து எடுக்கும் வாரங்களில் வரும் எண்களோடு ஒப்பிடுங்கள்.

அடர்த்திக்காக எடுப்பதானால் டெக்ஸா ஸ்கேனில் மாற்றம் தெரிய ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். முடிந்தவரை ஒரே இயந்திரத்தில் எடுப்பது நல்லது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு சி.டி.எக்ஸ் என்னும் ரத்தப் பரிசோதனை உண்டு. எலும்பு எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்பதை அது காட்டும், மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே வித்தியாசம் தெரியலாம். உணவுக்குப் பிறகு அளவு மாறும் என்பதால் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும்.

எந்த மருந்தோடும் உடற்பயிற்சி சேர வேண்டும். ஆஸ்திரேலியாவில் அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் கனமான எடை தூக்கும் பயிற்சியும் குதிக்கும் பயிற்சியும் செய்தார்கள். எட்டு மாதங்களில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. மேலே சொன்ன மூலிகைகளில் பலவும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம். ஆனால் இதுவும் எல்லோருக்கும் அல்ல. ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியவர்கள் முன்னால் வளையும் பயிற்சிகளைத் தவிர்த்து, இயன்முறை மருத்துவரிடம் தொடங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் அளவும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை சுவரில் சாய்ந்து நின்று உயரத்தைக் குறித்துவையுங்கள். முந்தைய அளவைவிட 2 செ.மீ. குறைந்தாலும், இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்தாலும், வலி இல்லாவிட்டால்கூட முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். திடீரென்று கடுமையான முதுகுவலி வந்தால் எண்ணெய் தேய்த்துப் பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அதோடு கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.